லுட்வினா தாண்டிய வண்டி

இல்லை தெக்லா, நீ சொல்வது தப்பு. ஆற்றங்கரையில் சொன்னாலும் தப்பு, பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று சொன்னாலும் தப்பு. என் மருமகள் லுட்வினா ஓடிப்போகவில்லை. என் சின்ன மகனை ஏமாற்றிப் பன்றி மேய்க்க விட்டுவிட்டுப் போகவும் இல்லை. போன வருடம், அவள் மோட்டார் சைக்கிளைத் தாண்டி அதன் பலத்தைக் கெடுத்தாள் என்றாய். அதுவும் தப்பு. இத்தனை தப்பையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டு நீ எப்படித்தான் கிழங்கு மெல்லுகிறாயோ, எனக்குத் தெரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், கேள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் எல்லாம் நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நீ வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாய். அங்கேயிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும்.

லுட்வினா கடற்கரைப் பெண். மதாங்கிலிருந்து படகில் அரை நாள் போக வேண்டிய தீவு. என் சின்ன மகன் சியூனே மதாங் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன், மூன்று வருடம் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் சிம்பு மலைக்கு வந்தான். வந்த அன்று அவள் குளிரில் நடுங்கிய நடுக்கத்தில் என் அடுப்புச் சாம்பலே பறந்தது. நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்ட, நாரில் பின்னிய பிலும் பைக்குள் ரெண்டு துணி, ஒரு ஜெபமாலை, ஒரு பிஸ்கட் டப்பா. அந்த டப்பாவைத் திறந்தால் நாலு ஸ்பானர், மூன்று திருப்புளி, கண்டு கண்டாக மீன்பிடி நைலான் நூல். எங்கள் ஆற்று மீனுக்குத் தலைமுடி போதும், இவள் பன்றி கட்டுகிற கயிறு கொண்டுவந்திருக்கிறாள் என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

அவள் பிறந்த வீட்டில் ஒரு படகு இருந்தது. பின்னால் இஞ்சின் மாட்டிய படகு. தீவுக்கும் மதாங்குக்கும் ஆள் ஏற்றுவார்கள். நடுக்கடலில் இஞ்சின் இருமினால் யாரைப் போய்க் கூப்பிடுவது? அதனால் அந்த வீட்டில் ஆண் பெண் எல்லோருக்கும் அதைத் திறந்து மூடத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பன்றிக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று தெரிகிற மாதிரி.

இப்போது என் பெரிய மகன் கௌபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவன். ஆனால் அவன் வாசலுக்கு வருமுன்னே அவன் வாய் வந்துவிடும். கோசும் உருளைக்கிழங்கும் ட்ரக்குக்குக் காத்துக் காத்து வாடுகிறது, ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் குந்தியாவா சந்தைக்கு நாமே கொண்டுபோகலாம் என்று ஒரு வருடம் பேசினான். பிறகு லே நகரத்துக்குப் போய், யாரோ ஓட்டிப் பழசாக்கின சிவப்பு வண்டி ஒன்றை வாங்கி ட்ரக்கில் போட்டுக்கொண்டு வந்தான். ஊரே தொட்டுப் பார்த்தது. தெக்லா, நீயும் தொட்டாய், கண்ணாடியில் உன் பல்லைப் பார்த்தாய்.

லேயில் அது காற்றாய்ப் பறந்ததாம். அது கடல் மட்டம். இங்கே பாலம் வரைக்கும் ஓடியது. பாலம் தாண்டி கெக்சுல் போகிற ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கி, ஏப்பம் விட்டு, தள்ளாடித் தள்ளாடி ஏறியது. இறக்கத்தில் மட்டும் நன்றாக வந்தது. இறக்கத்தில் கல்லும்தான் நன்றாக வரும்.

ஒரு வாரம் இப்படிப் போனது. அதற்கு அடுத்த வாரம் இன்னும் மோசம். கோவிலைக் கூடத் தாண்டவில்லை. அன்று கௌபா மழையில் நனைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, கோபத்தில் எங்கள் வீட்டுப் பாதையில் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தப் பாதை உனக்குத் தெரியும். ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் ஒரு ஆள் போகலாம். லுட்வினா தோட்டத்திலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்தாள். பாதையில் வண்டி படுத்திருந்தது. தாண்டினாள்.

நீ வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாய். அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் மறைக்கவில்லை, எனக்கும் கோபம்தான். ஆண்பிள்ளையின் கோடாரி, வில், எதையும் பெண் தாண்டினால் அதன் பலம் போய்விடும் என்று பால் குடிக்கிற வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். என் புருஷன் செத்த பிறகும் அவன் கோடாரியைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். ரெண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அவள் வைத்த கிழங்கைத் தின்றேன், பேசவில்லை.

கௌபாவுக்கு இந்தப் பேச்சு வசதியாகிவிட்டது. லேயில் ஏமாந்து வாங்கிவிட்டான் என்று அதுவரை சிரித்தவர்கள், ஐயோ பாவம் என்றார்கள். அவன் போகிற இடமெல்லாம், மேலே கெக்சுல் வரை, கீழே குந்தியாவா சந்தை வரை, தம்பி பெண்டாட்டி தாண்டியதால்தான் வண்டி செத்தது என்று சொன்னான். பிறகு ஊர்ப் பஞ்சாயத்துக்கும் வழக்கைக் கொண்டுபோனான். அவள் வீட்டார் ஒரு பெரிய பன்றி கொண்டுவந்து பரிகாரம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவள் கடற்கரைக்கே திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டான். அவள் வீட்டார் எங்கே, பன்றி எங்கே? தீவிலிருந்து பன்றியை நீந்தவா விடுவார்கள்? ஆக, போக வேண்டியதுதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சனிக்கிழமை பஞ்சாயத்து.

சியூனே வாயே திறக்கவில்லை. வாய்க்கால் வெட்டினான். தேவையில்லாத இடத்தில் எல்லாம் வெட்டினான். அவன் துக்கப்பட்டால் மண்ணைத் தோண்டுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வியாழக்கிழமை காலையில் லுட்வினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"அத்தே, ஒரே ஒரு தடவை அதைத் தொறந்து பாக்க விடுங்க. அப்புறம் போன்னு சொன்னா போயிடுறேன்."

"போன்னு நான் சொல்ல மாட்டேன். இருன்னும் இப்ப சொல்ல மாட்டேன். தொற, பாப்போம்."

கௌபா அன்று ட்ரக்கில் சந்தைக்குப் போயிருந்தான். வண்டியைப் பன்றிக்கொட்டில் பக்கம் நிழலில் நிறுத்தினோம். பெட்ரோல் குழாயின் மூடியைத் திருப்பி அடைத்தாள். இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு உலோகக் குடுவை இருக்கிறது, கார்புரேட்டர். பெட்ரோலும் காற்றும் அங்கேதான் கலக்கும். அதன் அடியில் ஒரு கிண்ணம். நாலு திருகாணியைக் கழற்றினாள், கிண்ணம் கையோடு வந்தது. உள்ளே இருந்த பெட்ரோலைப் பழைய டின்னில் ஊற்றினாள். கிண்ணம் இருந்த இடத்துக்கு மேலே, நடுவில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பித்தளையில் ஒரு சின்னத் துண்டு. என் சுண்டுவிரல் நகம் அளவு கூட இல்லை. அதன் நடுவில் ஓட்டை.

அதற்கு ஜெட் என்று பெயர். பக்கத்தில் இன்னும் ஒல்லியாக ஒன்று இருந்தது. வண்டி நின்று உறுமும்போது ஒல்லி ஜெட் ஊட்டும், ஏற்றத்தில் கைப்பிடியை முழுக்கத் திருகும்போது பெரிய ஜெட் ஊட்டும். லுட்வினா ரெண்டையும் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்து, வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ஒல்லியை வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு நல்லது என்று வைத்துவிட்டாள். பெரியதைப் பார்த்ததும் எழுந்து போய் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தாள்.

பித்தளையில் நூறு என்று எண் வெட்டியிருக்கிறதாம். நூறு என்றால் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் அகலம். அவளிடம் சரியாக ஒரு மில்லி தடிமனில் நூல் இருந்தது, பெரிய மீனுக்குப் போடுகிற நூல். அதை ஓட்டையில் விட்டாள். இறுக்கமாகப் போக வேண்டிய நூல், காலி வீட்டுக்குள் பூனை போகிற மாதிரி போனது. அதைவிடத் தடித்த நூலை எடுத்தாள். அதுவும் போனது. எண் ஒன்று சொல்கிறது, ஓட்டை வேறு சொல்கிறது. யாரோ குடைந்திருக்கிறார்கள்.

எனக்கு எண் தெரியாது. ஆனால் அறுபது வருடம் பிலும் பின்னிய கை இது. குடு இப்படி என்று வாங்கினேன். தொடையில் உருட்டித் திரித்த நார் நூல் ஒன்றை எச்சில் தொட்டு அந்த ஓட்டையில் விட்டேன். உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. நல்ல ஓட்டையில் நார் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே பிசிறு இருந்தால்தான் சிக்கும். இது கடையில் செய்த ஓட்டை இல்லை, கையால் முரட்டுத்தனமாகத் திருகிய ஓட்டை.

அப்போதுதான் என் ஊசி நினைவுக்கு வந்தது. குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த ஊசி. போன வாரம் காணாமல் போய், மறுநாள் வைத்த இடத்திலேயே இருந்தது. முனை மழுங்கி, அதில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. பேரப்பிள்ளைகளைத் திட்டிவிட்டு மறந்துவிட்டேன். பிலும் பையிலிருந்து அதை எடுத்து ஜெட் பக்கத்தில் வைத்தேன். ரெண்டும் ஒரே மஞ்சள்.

எங்கள் வீட்டில் என் ஊசி இருக்கும் இடம் தெரிந்து, ஜெட் இருக்கும் இடமும் தெரிந்தவன் ஒருத்தன்தான். நான் பெற்றவன்.

லுட்வினா ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்து என் பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"நான் சொன்னாலும் நீங்க சொன்னாலும் பெரிய மச்சான் தலை குனிஞ்சிரும் அத்தே. அப்புறம் இதே வீட்டுல அவர் மொகத்துல நான் எப்படி முழிப்பேன். வண்டியே சொல்லட்டும்."

அந்த நிமிஷத்தில்தான் என் கோபம் போனது. தாண்டியது தப்பா சரியா என்பது அப்புறம். தன்னை விரட்டப் பார்க்கிறவனின் மானத்தையும் எண்ணிப் பார்க்கிறவளை நான் எதற்கு விரட்ட வேண்டும்?

சியூனேயைக் கூப்பிட்டு மண்வெட்டியைப் பிடுங்கினேன். லுட்வினா அவனிடம் ரெண்டு எண் சொன்னாள், தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு. எதற்கு ரெண்டு என்று கேட்டேன். கடலோரத்தில் நூறு சரியாக இருந்திருக்கும், இங்கே எது சரி என்று மலைதான் சொல்ல வேண்டும் என்றாள். நம் மலையில் காற்று மெலிசு. லேயிலிருந்து வருகிறவர்களுக்கு நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறதே, வண்டிக்கும் அப்படித்தானாம். மூச்சு குறைந்த இடத்தில் சாப்பாடும் குறைத்துத்தான் போட வேண்டும். அதிகம் போட்டால் தொண்டை அடைத்துக் கறுப்பாகக் கக்கும். சியூனே அன்றே குந்தியாவாவுக்கு ட்ரக் ஏறினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் ரெண்டு ஜெட்டையும் முட்டை கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவந்தான்.

சனிக்கிழமை சவுக்கு மரத்தடியில் பஞ்சாயத்து. நடுவில் உட்கார்ந்தது காரி, என் புருஷனின் தம்பி முறை. கௌபா வழக்கைச் சொன்னான். நீ சாட்சி சொன்னாய் தெக்லா, நன்றாகத்தான் சொன்னாய், எந்தக் காலை முதலில் தூக்கினாள் என்பது வரை சொன்னாய். காரி லுட்வினாவைப் பார்த்து, தாண்டியது நிஜமா என்று கேட்டான்.

"தாண்டினேன் பெரியவரே. வழியில படுத்துக் கெடந்துச்சு. ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் வாய்க்கா, தோள்ல மூட்டை. பறக்க எனக்குத் தெரியாது."

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். காரி சிரிக்கவில்லை, ஆனால் தாடியைத் தடவினான். வண்டி பலம் இழந்தது தாண்டியதால் இல்லை, உள்ளே ஒரு சின்னப் பித்தளைத் துண்டு கெட்டிருக்கிறது, அதை மாற்றித் தந்தால் பெரிய மச்சானே ஏறிப் பார்க்கட்டும் என்று லுட்வினா கேட்டாள். யார் கெடுத்தது என்று சொல்லவில்லை. காரி சரி என்றான். எல்லோர் முன்னாலும் கிண்ணத்தைக் கழற்றித் தொண்ணூற்றைந்தைப் போட்டு மூடினாள்.

அப்போதுதான் நீ எழுந்தாய் தெக்லா. அவள் தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது, மழையில் அந்தத் தீட்டு கழுவிப் போயிருக்கும், இப்போது ஏறினால் அது ஜெட்டுக்குச் சாட்சி ஆகாது என்றாய். புத்திசாலிதான் நீ, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதைக் கேட்டதும் நான் எழுந்தேன். வண்டியைச் சாய்த்துப் படுக்க வைக்கச் சொன்னேன். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் ரெண்டு பிள்ளைகள் பார்க்க, காரி பார்க்க, ஊர் பார்க்க, அந்தப் பக்கம் ஒரு தடவை தாண்டினேன், இந்தப் பக்கம் ஒரு தடவை தாண்டினேன். மூன்றாவது தடவை தேவையில்லை. கால் வந்துவிட்டது, தாண்டிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒரு ஆண்பிள்ளையின் பொருளைத் தாண்டினேன். வானம் விழவில்லை. முழங்கால்தான் வலித்தது.

நீ விட்டாயா?

"அக்கா, ஒனக்கு ரத்தம் வத்தி இருவது வருசம் ஆச்சு. ஒன் கால்ல என்ன இருக்கு, வாதம்தான் இருக்கு."

காரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, சிரித்துவிட்டான். அப்படியானால் சின்னவளும் தாண்டட்டும் என்றான். லுட்வினா என்னைப் பார்த்தாள். தாண்டு என்றேன். தாண்டினாள். ஆக வண்டி இப்போது புதிதாக நாலு தடவை தாண்டப்பட்ட வண்டி.

கௌபா அதில் உட்கார மறுத்தான். காரி, வழக்கு உன்னுடையது, ஆசனமும் உன்னுடையது என்றான். கௌபா வேலியோரத்துச் சிவப்பு இலையை ஒரு கைப்பிடி ஒடித்து, உட்காருமிடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்து, இருக்கிற சாமி பேரையெல்லாம் சொல்லி, முள்ளில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான்.

சவுக்கு மரத்தடியிலிருந்து பார்த்தால் ஏற்றத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். வண்டி பாலம் தாண்டியது. கோவில் தாண்டியது. கூட்டம் எழுந்து நின்றது. மூன்றாவது வளைவில் இருமியது. புகை வந்தது, முன்னைப் போலக் கறுப்பில்லை, ஆனால் கறுப்புதான். நாலாவது வளைவில் நின்றுவிட்டது.

தெக்லா, நீ அப்போது கையை மட்டும் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நீ வாயால் சொன்னதைவிட அது மோசம். சியூனே ஒரு குச்சியால் தரையைத் தோண்ட ஆரம்பித்துவிட்டான்.

வண்டி இறங்கி வந்தது. லுட்வினா அவசரப்படவில்லை. இஞ்சின் தலையில் செருகியிருக்கும் பிளக்கைக் கழற்றி, சூட்டுக்குத் துணி சுற்றிப் பிடித்து, காரியிடம் காட்டினாள். முனை அடுப்பில் கருகிய வாழைத்தோல் மாதிரி இருந்தது. இன்னும் அதிகமாகத் தின்கிறது என்றாள். அது சரியாகத் தின்றால் இந்த முனை தேயிலை நிறத்துக்கு வர வேண்டுமாம். கரியைச் சுரண்டித் துடைத்தாள். மறுபடி கிண்ணம், மறுபடி நாலு திருகாணி. தொண்ணூற்றைந்தை எடுத்துத் தீப்பெட்டிக்குள் வைத்தாள், தொண்ணூற்றிரண்டைப் போட்டாள். ஜெட்டை ரெண்டு தடவை இறுக்கிப் பார்த்தாள். இது தவறினால் திங்கட்கிழமை ட்ரக்கில் அவள் இடம் உறுதி, அது அவளுக்கும் தெரியும்.

இந்தத் தடவை கௌபா இலையால் துடைக்க மறந்துவிட்டான்.

பாலம். கோவில். மூன்றாவது வளைவு. நாலாவது வளைவு. புகை இல்லை. சத்தம் மாறியிருந்தது, ஏப்பம் போய் ஒரே சீராக, பூனை குறட்டை மாதிரி. பள்ளிக்கூடம் தாண்டியது. பைன் மரங்களுக்குள் போனது. சத்தம் கொசு அளவுக்கு மெலிந்து, பிறகு அதுவும் இல்லை. நின்றுவிட்டதா, போய்விட்டதா, தெரியவில்லை. கூட்டம் காத்தது. ஒரு கிழங்கு வேகிற நேரம் ஆனது. இன்னொரு கிழங்கு வேகிற நேரமும் ஆனது. மேலே எங்கேயாவது தள்ளிக்கொண்டிருப்பான் என்று யாரோ சொன்னார்கள்.

வந்தான். தோளில் மேல்மலைத் தாழங்காய் ஒரு பெரிய குலை. அது கெக்சுலுக்கு மேலேதான் விளையும், நம் பக்கம் கிடையாது. அங்கே போகாமல் அதைக் கொண்டுவர முடியாது. குலையைக் காரி முன்னால் போட்டான். பிறகு என் முன்னால் வந்து நின்றான். நான் என் பைக்குள் கை விடவில்லை. ஊசியைக் காட்டவில்லை. சும்மா பார்த்தேன், பிள்ளையைப் பெற்றவள் பார்க்கிற பார்வை.

"அம்மா, ஒன் ஊசியை நான்தான் எடுத்தேன்" என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான். "மொத வாரம் ஏறலைன்னதும், மலை ஏறப் போறதுக்கு ரெண்டு வாய் கூடப் போடணும்னு நெனச்சேன். விருந்துக்கு முன்னாடி பன்னிக்குப் போடுற மாதிரி. ஓட்டையை நான்தான் பெருசு பண்ணேன்."

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அங்கே பாதிப் பேருக்குத் தோன்றவில்லை, அதுதான் நிஜம். பன்றி வளர்க்கிறவன் யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பான். காரிதான் முதலில் பேசினான்.

"ஒனக்கு வண்டி குடுத்தவனைச் சொல்லணும். நல்ல வேளை, அதுக்குக் கெழங்கு வெட்டிப் போடாம விட்டியே."

அதற்கப்புறம் சிரிப்பு அடங்க நேரமானது. கௌபாவும் சிரித்தான். தப்பை ஒத்துக்கொண்ட பிறகு அவனுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும்.

வீண்பழி போட்டதற்குக் கௌபா லுட்வினாவுக்கு ஒரு பன்றி தர வேண்டும் என்று காரி தீர்ப்பு சொன்னான். அவள் வேண்டாம் என்றாள்.

"பன்னியை ரெண்டு நாள்ல தின்னு மறந்துருவாங்க. பெரிய மச்சான் எங்கெங்க போய் என்னைப் பத்திச் சொன்னாரோ, அங்கங்க போய் மாத்திச் சொல்லட்டும். எனக்கு அது போதும்."

பன்றி தந்திருந்தால் கௌபாவுக்கு லாபம். அவன் எத்தனை இடத்தில் சொல்லியிருந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு ஊராகப் போனான், நல்ல வேளை வண்டி ஓடியது. ஆனால் உனக்குத்தான் தெரியுமே, அவன் எதையும் உள்ளபடி சொல்ல மாட்டான். கெக்சுலில், என் தம்பி பெண்டாட்டி நூலை விட்டே நோயைக் கண்டுபிடிப்பாள் என்றான். குந்தியாவா போய்ச் சேர்வதற்குள், அவள் இஞ்சினில் காது வைத்தால் அது அவளிடம் பேசும் என்று ஆகியிருந்தது.

அந்தப் பேச்சுதான் கெம்போகல் சுகாதார நிலையத்துக்குப் போனது. அங்கே மேல்மலைக் கிராமங்களுக்குத் தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோக மூன்று மோட்டார் சைக்கிள். மூன்றும் கடலோரத்திலிருந்து வந்தவை, ரெண்டு புகை கக்கியது, ஒன்று இருமி இருமி நின்றது. அதிகாரி டாமியன், ஒல்லியாக, கண்ணாடி போட்ட பையன், நடந்தே வந்தான். வந்து சியூனேயிடம், வண்டி பார்க்கிற ஆள் எங்கே என்று கேட்டான். சியூனே அடுப்படியைக் காட்டினான். பையன் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு ஆளைத் தேடினான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

லுட்வினா ரெண்டு நாள் போய்ப் பார்த்தாள். ரெண்டு வண்டியில் இருந்தது மலைக்கு ஆகாத பெரிய ஓட்டை ஜெட். மூன்றாவதில் ஜெட் சரி, ஆனால் ஓட்டைக்குள் எறும்பு அளவுக்குத் துரு. கம்பி விட்டுக் குத்தவில்லை, பெட்ரோலில் ஊற வைத்து நூலால் இழுத்து எடுத்தாளாம். மூன்றும் ஓடின. அதன் பிறகுதான் டாமியன் அந்தப் பேச்சை எடுத்தான். சம்பளத்துக்கு வேலை, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும். சனி ஞாயிறு வீடு.

நான் முடியாது என்றேன். நாலு நாள் முடியாது என்றேன். தாண்டினேனே, அது போதாதா என்றேன். பொம்பளை வாரம் முழுக்க வீட்டில் இல்லாவிட்டால் பன்றியை யார் பார்ப்பது, கிழங்கு யார் நடுவது? சியூனே, நான் பார்க்கிறேன் என்றான். ஆண்பிள்ளை பன்றி பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்றேன். ஊர் சொல்லாதது என்ன பாக்கி இருக்கிறது என்றான். அவன் ஒரு வருடத்தில் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. கௌபா வேறு, இவளை வீட்டில் அடைத்து வைத்தால் என்னைப் போலப் பத்துப் பேர் ஜெட்டைக் குடைவார்கள் என்று நியாயம் பேசினான்.

லுட்வினா நாலு நாளும் தோட்டத்தில் கிழங்கு நட்டாள். ஐந்தாம் நாள் காலையில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் போகாதே என்று சொன்னால் போக மாட்டேன், அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றாள். அதை நிஜமாகத்தான் சொன்னாள். அதுதான் என்னை அசைத்தது. போகாதே என்று சொன்னால் இருந்துவிடுவாள். அவளை இருக்கச் சொல்லும் உரிமை எனக்கு வந்துவிட்டது, அதை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள். அப்புறம் எதற்கு நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

"போ. ஆனா வெள்ளிக்கிழமை இருட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள இருக்கணும். வரலைன்னா நானே கெம்போகலுக்கு வந்து அங்க இருக்கிற எல்லா வண்டியையும் தாண்டுவேன்."

திங்கட்கிழமை காலை, மூடுபனி இன்னும் சவுக்கு மர இடுப்பில் இருந்தது. கௌபா வண்டியோடு வந்து நின்றான், கொண்டுபோய் விடுகிறேன் என்று. அவள் நடந்தே போகிறேன் என்றாள். வழியில் நாலு பேர் பார்க்கட்டும், நடந்து போவதைப் பார்த்தால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள், வேலைக்கு என்று சொல்லலாம் என்றாள். பிஸ்கட் டப்பாவைப் பிலும் பைக்குள் வைத்து, பையை நெற்றியில் மாட்டினாள். நம் வாசல் தாழ்வு, குனிந்துதான் வெளியே வர வேண்டும். குனிந்து வந்தாள், நிமிர்ந்தாள், என் கையைப் பிடித்தாள், விட்டாள். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய், உன்னைப் பார்த்தும் கையசைத்தாள், நீதான் கவனிக்காத மாதிரி நின்றாய்.

கொட்டிலிலிருந்து ரெண்டு பன்றியும் அவள் பின்னாலேயே போயின. சியூனே கையில் கிழங்கோடு அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் நிற்கவில்லை. பாலம் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளே போய்க் கிழங்கு பிரிக்க உட்கார்ந்தேன். எந்தப் பன்றிக்கு எவ்வளவு என்று சியூனேக்கு அன்று தெரியவில்லை.